கரண்ட் குக்கரில் எலும்பு சூப்: எத்தனை விசில் அக்கா?

குசினிக் கேள்வி பதில்

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த கையோடு வந்த கேள்விகள் இவை. காத்தான்குடியிலிருந்து பொத்துவில் வரைக்கும் எல்லார் வீட்டு ஃப்ரீசரிலும் எலும்பு கிடக்கிறது போல. 2022இல் கேஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்று அலுத்துப்போய்க் கரண்ட் பிரஷர் குக்கர் வாங்கி, பிறகு கேஸ் வந்ததும் அதை அலுமாரிக்கு மேலே ஏற்றி வைத்தவர்கள்கூட இப்போது தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள், சந்தோசம். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டதால் எல்லாருக்கும் ஊர் மட்டும்தான்.

காத்தான்குடி வாசகி: அக்கா, உழ்ஹிய்யா பங்கில் வந்த மாட்டெலும்பு நிறையக் கிடக்கு. அடுப்புக் குக்கரில் உம்மா பத்துப் பன்னிரண்டு விசில் விட்டு இறக்குவா. இந்தக் கரண்ட் குக்கர் விசிலே அடிக்குதில்லை, பழுதா? எத்தனை விசில் என்று எப்படிக் கணக்கெடுக்கிறது?

பழுதில்லை தங்கச்சி, அது விசில் அடிக்காத சாதி. அடுப்புக் குக்கருக்குத் தனக்குக் கீழே எரிகிற நெருப்பைக் குறைக்கத் தெரியாது, அதனால் ஆவி கூடக்கூட வெயிட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே தள்ளும், அந்தச் சத்தத்தைத்தான் நாங்கள் எண்ணுகிறோம். கரண்ட் குக்கரில் அழுத்தம் வேண்டிய அளவுக்கு வந்ததும் கொயிலுக்குப் போகிற கரண்ட் தானாக நிற்கும், குறைந்தால் திரும்ப வரும். ஆகவே விசிலை மறந்துவிட்டு நிமிடத்தைப் பாருங்கள். அதுவும் நீங்கள் பட்டனை அமத்திய நேரத்திலிருந்து இல்லை. மூடியில் இருக்கிற சின்ன ஊசி மேலே எழும்பி, திரையில் நேரம் இறங்கத் தொடங்கிய பிறகுதான் கணக்கு. பானை நிறையத் தண்ணீரும் எலும்பும் இருந்தால் அந்த நிலைக்கு வரவே அரை மணித்தியாலத்துக்குக் கிட்ட எடுக்கும், ஃப்ரீசரில் இருந்து அப்படியே போட்டால் இன்னும் கூட.

இன்னொன்று, அடுப்புக் குக்கருக்குள் சூடு ஏறக்குறைய 120 பாகை செல்சியஸ் வரை போகும். கரண்ட் குக்கர் பெரும்பாலும் 115இல் இருந்து 118க்குள் நிற்கும். வித்தியாசம் சின்னதாகத் தெரிந்தாலும் எலும்பு விஷயத்தில் அது நேரத்தில் காட்டும், ஆகவே உம்மா வைத்த நேரத்தைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் வைக்க வேண்டும். கோழி எலும்புக்கு ஒன்று முதல் ஒன்றரை மணித்தியாலம், ஆட்டுக்கால், ஆட்டு மூட்டுக்கு இரண்டு, மாட்டெலும்புக்கு மூன்று. சில மெஷினில் 99 நிமிடத்துக்கு மேல் நேரம் வைக்க விடாது, அப்படியென்றால் முடிந்ததும் மூடியைத் திறக்காமல் இன்னொரு தரம் போட்டுவிடுங்கள்.

சரி, போடுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அதைத்தான் எல்லாரும் தட்டிக்கழிக்கிறார்கள். எலும்பைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு வேறு சட்டியில் கொதிக்க வையுங்கள். கொதி வந்து கொஞ்ச நேரத்தில் சாம்பல் நிறத்தில் அழுக்கு நுரை திரண்டு வரும். ஐந்து பத்து நிமிடம் விட்டு அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, எலும்பை ஒவ்வொன்றாகக் குழாயில் பிடித்துத் தேய்த்துக் கழுவுங்கள். கத்தி பட்ட இடங்களில் எலும்புத் தூள் மாவாக ஒட்டியிருக்கும், முள்ளந்தண்டு எலும்பு என்றால் இடுக்கில் உறைந்த இரத்தம் இருக்கும், விரல் நகத்தால் சுரண்டினால்தான் போகும். இது முடிந்தால் சூப்பில் அந்த வெடுக்கு வராது. ஆறு லீற்றர் குக்கருக்கு ஒன்றரைக் கிலோ எலும்பு, இரண்டு லீற்றர் தண்ணீர், ஒரு வெங்காயம், பெருவிரல் அளவு இஞ்சி, நாலைந்து பல் உள்ளி, ஒரு தேக்கரண்டி மிளகு, ஒரு துண்டு ரம்பை. உப்பு இப்போது வேண்டாம், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். பானைக்குள் இருக்கிற உச்சக் கோட்டுக்கு மேலே எதுவும் போகக்கூடாது, அது வழமையாக மூன்றில் இரண்டு பங்கில் இருக்கும்.

களுவாஞ்சிக்குடி வாசகி: நல்ல சூப் என்றால் பிரிட்ஜில் வைத்தால் ஜெலி மாதிரி உறைய வேண்டும் என்று என் மச்சாள் சொல்கிறா. நான் கோழி எலும்பு வைத்தேன், அடுத்த நாளும் தண்ணியாகவே இருந்தது. இன்னும் கூட நேரம் வைக்க வேண்டுமா?

மச்சாள் சொன்னது சரி. ஆனால் நேரத்தில் இல்லை பிழை, நீங்கள் வாங்கிய எலும்பில் இருக்கிறது, அப்புறம் தண்ணீரில்.

உறைய வைப்பது ஜெலற்றின். அது எலும்பின் கடினமான பகுதியில் இருந்து பெரிதாக வருவதில்லை. மூட்டில் வெள்ளையாக, பளபளப்பாக, வழுக்கிக்கொண்டு ஒரு தொப்பி இருக்குமே, அந்தக் குருத்தெலும்பு, அதோடு ஒட்டியிருக்கிற நரம்பு மாதிரியான இழுவைகள், தோல், இவற்றில் இருக்கிற கொலாஜன் சூட்டில் அவிழ்ந்துதான் ஜெலற்றின் ஆகிறது. கடையில் ‘சூப் எலும்பு’ என்று கட்டித் தருவது அநேகமாகக் கோழி நெஞ்சுக் கூடும் கழுத்தும். அதில் வாசம் வரும், உறைவது குறைவு. ஆகவே அதோடு கால் கிலோ கோழிக்கால் கேட்டு வாங்குங்கள். விலையும் குறைவு, பல கடைகளில் அதை ஒதுக்கித்தான் போடுகிறார்கள். நகத்தை வெட்டி, சுடுதண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் மஞ்சள் தோல் கையோடு கழன்று வரும். மாடு, ஆடு என்றால் முழங்கால் மூட்டு, குளம்புக்கு மேலே உள்ள பகுதி, வால். உள்ளே மச்சை நிறைந்த நடு எலும்பைப் பார்த்ததும் எல்லாரும் ஆசைப்படுவார்கள், ருசிதான், ஆனால் அது தருவது கொழுப்பு. அதில் இரண்டு துண்டு போதும், மிச்சம் மூட்டாக இருக்கட்டும்.

தண்ணீர் விஷயம்: அடுப்பில் திறந்த சட்டியில் வைக்கும்போது பாதித் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், அதனால் எங்கள் கை தானாகவே நிறைய ஊற்றும். கரண்ட் குக்கரில் ஒரு சொட்டும் போகாது. ஊற்றியது அப்படியே இருக்கும். எலும்பு மட்டுமட்டாக மூழ்கினால் போதும், அதற்கு மேலே ஊற்றுகிற ஒவ்வொரு கோப்பையும் சூப்பைக் கழுநீராக்குகிறது.

நேரத்தைக் கண்டபடி கூட்டாதீர்கள். கோழியை நாலு ஐந்து மணித்தியாலம் அழுத்தத்தில் வைத்தால் வந்த ஜெலற்றினே துண்டு துண்டாக உடைந்து, உறைகிற சக்தியைக் குறைத்துக்கொள்ளும். உறையவில்லை என்பதற்காக ஊற்றியும் விடாதீர்கள், அதில் சோறு அவித்துப் பாருங்கள்.

கல்லடி வாசகர்: அக்கா, நேரம் முடிந்து வால்வைத் திருப்பினேன், ஆவியோடு சூப்பும் சேர்ந்து பீறிட்டுக் குசினிச் சுவர் முழுக்கக் கொழுப்பு. சூப்பும் கலங்கல். அம்மாவிடம் ஏச்சு வேறு.

அம்மா ஏசினது ஞாயம் தம்பி. சோறுக்கும் பருப்புக்கும் வால்வைத் திருப்பிப் பழகின கை இது. பானை நிறைய இருக்கிற திரவம் 115 பாகையில் அழுத்தத்துக்குள் அமைதியாகக் கிடக்கும். அழுத்தத்தைத் திடீரென்று எடுத்தால் அது ஒரே நேரத்தில் பொங்கிக் கொதிக்கும். மேலே மிதந்த கொழுப்பும் அடியில் கிடந்த தூளும் அடிபட்டுக் கலந்தால் பிறகு வடித்தாலும் பிரியாது. அதுதான் கலங்கல். மிச்சம் சுவரில்.

நேரம் முடிந்ததும் தொடாதீர்கள். அரை மணித்தியாலமோ முக்கால் மணித்தியாலமோ ஆகும், ஊசி ‘டக்’ என்று தானாக விழும். விழுந்த பிறகுதான் மூடி. மூடியையும் உங்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் திறவுங்கள், கடைசி ஆவி முகத்துக்கு வராது. வடிக்கும்போது எலும்பைக் கரண்டியால் நெரிக்க வேண்டாம். அரிதட்டில் மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றைப் போட்டு வடித்தால் தேநீர்ச் சாயம் போல தெளிவாக வரும்.

காரைதீவு வாசகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்: சூப் என்றால் விறகடுப்பில் விடிய வைத்துப் பொழுதுபட இறக்குவது. மெஷினில் பட்டனை அமத்தி எடுப்பதையும் சூப் என்கிறார்கள். காலம் கெட்டுப் போச்சு.

கேள்வி எதுவும் இல்லாவிட்டாலும் பதில் சொல்லாமல் விட மனமில்லை சேர். பிரஷர் குக்கர் பிறந்ததே எலும்புக்காகத்தான். டெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர் 1679இல் லண்டனில் செய்து காட்டிய முதல் பிரஷர் பானையின் நோக்கம், வீசிவிடுகிற எலும்பிலிருந்து சத்தைப் பிழிந்தெடுப்பது. 1682இல் ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞானிகள் சங்கத்துக்காரர்களுக்கு அதில் சமைத்து ஒரு விருந்தும் கொடுத்தார். மிகக் கடினமான மாட்டெலும்புகூடப் பாற்கட்டி அளவுக்கு மெதுவாகிவிட்டது என்று அங்கே சாப்பிட்ட ஜோன் ஈவ்லின் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பானை வெடிக்காமல் இருக்க வால்வு வைத்த யோசனையும் பாப்பனுடையதுதான். சோறும் பருப்பும் அந்தப் பானைக்குள் பிறகு வந்து சேர்ந்தவை.

ஆனால் நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. விறகடுப்பில் ஆவியாகிச் சுண்டுவதால் வருகிற அழுத்தமான ருசி மூடிய பானையில் வராது. புகை வாசத்துக்கு வழியே இல்லை. அதற்கு நான் செய்வது இரண்டு. எலும்பைக் கழுவித் துடைத்து, சட்டியில் எண்ணெய் விடாமல் நாலு பக்கமும் சிவக்கப் பிரட்டிப் பிறகு குக்கரில் போடுவது. குக்கரிலேயே வதக்கினால் அடியில் ஒட்டியதைத் தண்ணீர் விட்டுச் சுரண்டி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மெஷின் அடிப்பிடிக்குது என்று கத்தி நின்றுவிடும். மற்றது, வடித்த பிறகு மூடியில்லாமல் அரை மணித்தியாலம் கொதிக்க விட்டுச் சுண்ட வைப்பது. உப்பை முதலே போட்டிருந்தால் இந்த இடத்தில் வாயில் வைக்க ஏலாது. குடித்துப் பார்த்துவிட்டுக் காலம் கெட்டதா என்று எழுதுங்கள்.

அக்கரைப்பற்று வாசகி: அம்மாவுக்கு முழங்கால் தேய்வு. தினமும் எலும்பு சூப் கொடுத்தால் கல்சியம் ஏறும், தேய்ந்த சவ்வு வளரும் என்கிறார்கள். வினாகிரி விட்டால் எலும்பில் இருக்கிற கல்சியம் எல்லாம் இறங்குமாம். உண்மையா?

இந்தக் கேள்விக்கு நான் சொல்லப்போவது பலருக்குப் பிடிக்காது மகள்.

எலும்பு முழுக்கக் கல்சியம், அதை மூன்று மணித்தியாலம் அவித்தால் தண்ணீரில் இறங்கும் என்று நினைப்பது இயல்புதான். இறங்குவதில்லை. கொலாஜன் கரைகிற மாதிரி அந்த உப்பு தண்ணீரில் கரையாது, எலும்போடேயே நிற்கும். இதை 1934இலேயே லண்டனில் மக்கான்ஸ், விடோசன் என்ற புகழ்பெற்ற ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் குழந்தைகளுக்குக் கொடுக்கும் எலும்பு சூப்பை எடுத்து அளந்து பார்த்தார்கள். பாலோடு ஒப்பிட்டால் சூப்பில் இருந்த கல்சியம் ஒரு பொருட்டே இல்லை என்றுதான் வந்தது. வினாகிரியோ தேசிக்காய்ப் புளியோ விட்டால் கொஞ்சம் கூடக் கரையும், இல்லை என்று சொல்லவில்லை, ஆனாலும் ஒரு கோப்பைப் பாலுக்குக் கிட்டவும் வராது. ஒரு மேசைக்கரண்டி விட்டால் ருசிக்கு நல்லது, அதோடு நிறுத்துங்கள். கல்சியம்தான் வேண்டுமென்றால் எருமைத் தயிர் மட்டக்களப்பில் இருந்து நாடெல்லாம் போகிறது, எங்கள் வீட்டுச் சட்டியில் இல்லாமல் போகுமா. முள்ளோடு சேர்த்துப் பொரித்துச் சாப்பிடுகிற நெத்தலியும் இருக்கிறது.

சவ்வு வளர்வது பற்றி: சூப்பில் இருக்கிற ஜெலற்றின் வயிற்றுக்குள் போனதும் மற்றப் புரதம் மாதிரியே அமினோ அமிலங்களாக உடையும். அது நேரே முழங்காலைத் தேடிப் போய் ஒட்டாது. அதிலும் ஜெலற்றின் முழுமையான புரதம் இல்லை, உடம்புக்குக் கட்டாயம் வேண்டிய டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலம் அதில் இல்லவே இல்லை என்று சொல்லலாம். ஆகவே சூப்போடு முட்டையோ மீனோ பருப்போ இருக்கட்டும், சூப்பை மட்டும் குடித்துவிட்டுப் பசியில்லை என்று படுக்க விடாதீர்கள். வயதானவர்களுக்கு அதுதான் நடக்கிறது.

கொடுக்கலாமா என்றால், தாராளமாக. சூடாக இறங்கும், வாய்க்கு ருசி, தண்ணீர் குடிக்க மறுக்கிற அம்மாமாருக்குத் தண்ணீரும் உள்ளே போகும். ஆனால் யூரிக் அமிலம் கூடிக் கால் பெருவிரல் வீங்குகிறவர் என்றால் குறைக்க வேண்டும், இறைச்சி எலும்பை நெடுநேரம் அவித்த சாற்றில், உடம்பில் யூரிக் அமிலமாக மாறுகிற பியூரின் இறங்கியிருக்கும். சிறுநீரக வருத்தம் இருந்தால் கிளினிக்கில் கேட்காமல் கொடுக்கவே வேண்டாம். பிரஷர் இருக்கிறவருக்குச் சூப் கட்டி போடாமல், உப்பைப் பாதியாக்கி, மிளகைக் கூட்டி ஊற்றுங்கள்.

ஏறாவூர் வாசகி: பிள்ளைக்கு ஏழு மாதம். சோற்றில் எலும்பு சூப் விட்டுப் பிசைந்து கொடுத்தால் சத்துத்தானே? மாமி பாலுக்குப் பதிலாகவும் கொடுக்கச் சொல்கிறா.

பாலுக்குப் பதிலாக வேண்டாம். அந்தச் சின்ன வயிற்றில் இடம் கொஞ்சம், அதைத் தண்ணீர்ச் சாற்றால் நிரப்பினால் தாய்ப்பாலும் குறையும், சோறும் குறையும். சோறு பிசைய இரண்டு கரண்டி விடுவது நல்லது, உப்பில்லாமல், மேலே நிற்கிற கொழுப்பை எடுத்துவிட்டு. ஆனால் இந்த வயதில் பிள்ளைக்கு முக்கியமாக வேண்டியது இரும்புச் சத்து, அது சாற்றில் இல்லை, எலும்பில் ஒட்டியிருந்து அவிந்து விழுகிற இறைச்சியில் இருக்கிறது. குக்கரில் இருந்து வந்த அந்த இறைச்சியை விரலால் நசித்துப் பாருங்கள், நூல் நூலாகப் பிரியும். அதை மசித்துச் சோற்றோடு கொடுங்கள். சின்ன எலும்புத் துண்டு கலந்திருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் ஊட்ட வேண்டும், குக்கரில் அவிந்த கோழி எலும்பு உதிர்ந்து உதிர்ந்து வரும். மிச்சத்தை மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேளுங்கள், மாமியையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

தம்பிலுவில் வாசகி: மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கு. பத்தியத்துக்குச் சரக்கு அரைத்து ஊர்க்கோழிச் சூப் வைக்க வேண்டும். கரண்ட் குக்கரில் வைத்தால் சரக்கின் குணம் போய்விடுமா?

குணம் போகாது, வாசம் போகும். மிளகு, சீரகம், மல்லி, உள்ளி, மஞ்சள் எல்லாவற்றையும் அரைத்து முதலே போட்டு ஒன்றரை மணித்தியாலம் அழுத்தத்தில் வைத்தால் வாசம் மங்கி, மிளகில் ஒரு கசப்பு மட்டும் நிற்கும். ஆகவே ஊர்க்கோழியை இஞ்சி, ஒரு துண்டு மஞ்சளோடு அவித்து எடுங்கள். ஊர்க்கோழி, அதிலும் முட்டை இட்டு முடிந்த கிழட்டுக் கோழி, மூட்டு முற்றியிருப்பதால் அருமையாக உறையும், புறொயிலரில் அந்தச் சாறு கிடையாது. வடித்த சூப்பைச் சட்டியில் விட்டு, அரைத்த சரக்கைக் கரைத்து, பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். உள்ளியை மட்டும் முழுசாக முதலே போடலாம், அது அவிந்து கரைவதுதான் ருசி. மகளுக்கு முதல் நாட்களில் உறைப்பு ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துக் கூட்டுங்கள். சூப் கொடுக்கிறோம் என்பதற்காகச் சோறு, மீன், கீரையைக் குறைத்துவிடாதீர்கள், பால் கொடுக்கிற உடம்புக்கு இரண்டும் வேண்டும்.

வாழைச்சேனை வாசகர்: மாட்டெலும்பு, ஆட்டெலும்பு எல்லாம் பேசுகிறீர்கள், எங்கள் பக்கம் மீன் தலைக்குக் குறைவில்லை. மீன் முள்ளிலும் இப்படி வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் மணித்தியாலக் கணக்கு மறந்துவிடுங்கள். மீனின் கொலாஜன் மெல்லிய சூட்டிலேயே கரைந்துவிடும், அழுத்தத்தில் பதினைந்து இருபது நிமிடம் போதும், அதற்கு மேல் போனால் கசக்கும், குசினியே நாறும். கொடுவாத் தலை, கலவாத் தலை என்றால் முதல்தரம். செவுளைப் பிடுங்கி எறிந்துவிடுங்கள், இரத்தத்தை நன்றாகக் கழுவுங்கள். சூரை, கெளவல்லன் போன்ற கொழுப்புச் சாதி மீனின் முள் இதற்குச் சரிவராது, எண்ணெய் வாடை தூக்கும். இறால் கோதும் தலையும் கிடந்தால் அதைத் தேங்காயெண்ணெயில் சிவக்க வதக்கித் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் வையுங்கள், அந்தச் சாற்றில் சொதி வைத்தால் வீட்டில் யாரும் எழும்ப மாட்டார்கள்.

சம்மாந்துறை வாசகி: மாட்டுச் சூப் வைத்த குக்கரில் வட்டிலப்பம் அவித்தேன். வட்டிலப்பத்தில் சூப் வாசம். சவர்க்காரம் போட்டு எத்தனை தரம் கழுவியும் போகவில்லை.

பானையில் இல்லை வாசம், மூடிக்குள் இருக்கிற சிலிக்கன் ரப்பர் வளையத்தில். அது வாசத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், கழுவி முழுக்கப் போகாது. வெயிலில் இரண்டு நாள் போட்டால் குறையும். இனிப்புக்கென்று தனியாக ஒரு வளையம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அந்த மொடலுக்கு உரியதுதானா என்று பார்த்து, பொருந்தாத வளையம் ஆவி கசியும்.

பாண்டிருப்பு வாசகர்: கனடாவில் இருக்கிற அக்கா தான் பாவித்த நல்ல குக்கர் ஒன்றை அனுப்பப் போகிறா. பிளக்கை மாற்றினால் போதும்தானே?

போதாது. அங்கே 120 வோல்ட், இங்கே 230. பிளக்கை மட்டும் மாற்றிச் செருகினால் செருகிய நிமிடமே உள்ளே கருகும். ஆயிரம் வாட்ஸ் தாங்குகிற டிரான்ஸ்ஃபோமர் வாங்கினால் ஓடும், அந்தக் காசுக்கும் பாரத்துக்கும் இங்கேயே ஒரு குக்கர் வாங்கலாம். அக்காவிடம் வேறு ஏதாவது அனுப்பச் சொல்லுங்கள்.

திருக்கோவில் வாசகி: பாதியில் கரண்ட் போனால் என்ன செய்வது?

முதலில் ஊசியைப் பாருங்கள். மேலே நின்றால் உள்ளே இன்னும் நூறு பாகைக்கு மேல்தான், ஒன்றும் ஆகாது, திறக்காமல் விடுங்கள், நன்றாக மூடிய பானை நெடுநேரம் சூட்டைப் பிடித்து வைக்கும். கரண்ட் வந்ததும் சில மெஷின் விட்ட இடத்தில் தொடரும், சிலது ஒன்றும் நடக்காத மாதிரி நேரம் காட்டிக்கொண்டு நிற்கும், அதை நம்பி வெளியே போய்விடாதீர்கள். ஊசி விழுந்து, கரண்டும் வரும் போலத் தெரியாவிட்டால் பானைக்குள் இருக்கிறதைச் சட்டிக்கு மாற்றிக் கேஸிலோ விறகிலோ முடியுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் அப்படியே ஆற விட வேண்டாம்.

மட்டக்களப்பு நகர் வாசகி: இருவரும் வேலைக்குப் போகிறோம். இரவு குக்கரில் போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் எடுக்கலாமா? கொஞ்சம் போத்தலில் அடைத்துக் கொழும்பில் படிக்கிற மகனுக்கும் அனுப்ப ஆசை.

இரவு போடலாம், மெஷின் நேரம் முடிந்து சூடாக வைத்திருக்கிற நிலைக்குத் தானாகப் போகும். அது 60 பாகைக்கு மேலே நிற்கிற மெஷினாக இருந்தால் காலை வரை பழுதாகாது. சூடாக வைத்திருக்கிற அந்த நிலை நின்றுபோய், பானை தானாக ஆறி, விடிய இளஞ்சூட்டில் இருந்தால் அதை ஊற்றிவிடுங்கள். மணம் நல்லாத்தானே இருக்கு, ஒரு கொதி விட்டால் சரியாகும் என்று நினைக்க வேண்டாம். சில கிருமிகளின் வித்து கொதிக்கும் தண்ணீரிலும் சாகாமல் கிடந்து, இளஞ்சூடு வந்ததும் முளைக்கும், அவை விட்ட நஞ்சில் சிலது கொதியாலும் போகாது. இங்கே இருக்கிற வெக்கைக்கு இளஞ்சூட்டுச் சூப் மாதிரி அவற்றுக்கு வாய்த்த இடம் வேறு இல்லை.

பெரிய பானையோடு சுடச்சுட பிரிட்ஜுக்குள் தள்ளுவதும் பிழை. நடு ஆறாது, பக்கத்தில் இருக்கிற பாலும் தயிரும் சூடாகும். வடித்து இரண்டு மூன்று சின்னப் பாத்திரத்தில் பிரித்து, பேசினில் தண்ணீரும் ஐஸ்கட்டியும் போட்டு அதற்குள் இறக்கிக் கலக்கிக்கொண்டிருந்தால் அரை மணித்தியாலத்துக்குள் கை பொறுக்கிற சூட்டுக்குக் கீழே வந்துவிடும், பிறகு பிரிட்ஜ். மறுநாள் கொழுப்பு மேலே வெள்ளைத் தட்டாக உறைந்திருக்கும், கரண்டியால் நெம்பினால் முழுசாகக் கழன்று வரும். பிரிட்ஜில் மூன்று நாலு நாள், ஃப்ரீசரில் இரண்டு மூன்று மாதம். ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்தால் பருப்புக்கோ சொதிக்கோ ஒன்றிரண்டு கட்டி போடலாம்.

போத்தலில் அடைத்து வெளியே வைக்கிற கதை வேண்டாம். காற்றுப் புகாத போத்தலுக்குள் புளிப்பில்லாத இறைச்சிச் சாறு, பொட்டுலிசம் என்ற உயிராபத்தான நச்சு நோய்க்குக் கதவைத் திறந்து விடுகிற வேலை. அதற்கென்று வேறு பெரிய பிரஷர் பானை இருக்கிறது, வீட்டுக் கரண்ட் குக்கர் அதற்குச் செய்ததில்லை. மகனுக்கு அனுப்புவதென்றால் தடித்த பொலித்தீன் பையில் தட்டையாக ஊற்றி இரண்டு நாள் ஃப்ரீசரில் கல்லாக்குங்கள். கடையில் மீன் கட்டுகிற ரெஜிஃபோம் பெட்டி ஒன்று கேட்டு வாங்கி, பைகளை நெருக்கி அடுக்கி, இடைவெளியில் பழைய பத்திரிகையைத் திணித்து, டேப் சுற்றி இரவு பஸ்ஸில் கொடுத்துவிடுங்கள். விடிய எடுக்கும்போது நடுப்பை இன்னும் கல்லாக இருக்கும். கரைந்து சூடேறியதைக் குடிக்காமல் ஊற்றச் சொல்லுங்கள், அறையில் ஃப்ரீசர் இருக்கிறதா என்று மகனிடம் முதலில் கேட்டுவிட்டு எலும்பு வாங்கப் போங்கள்.